எண்ணெய் யாருதுன்னு கேக்காம விட்டாங்க, அதனாலதான் வேலை முடிஞ்சுது

சுற்றுச்சூழல்னு சொன்னாலே நமக்கு மரம் நடுறது, பிளாஸ்டிக் பை, ஜூன் 5-ம் தேதி ஸ்கூல்ல பேச்சுப்போட்டி, இவ்ளோதான் ஞாபகத்துக்கு வரும். பாதுகாப்புன்னா பார்டர், ராணுவம், ஏவுகணை. இந்த ரெண்டும் ஒரே இடத்துல வந்து முட்டுன கதை ஒண்ணு சொல்லுன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சாஃபர் கப்பலைத்தான் சொல்லுவேன். ஏமன் கரைக்குப் பக்கத்துல செங்கடல்ல நின்ன பழைய எண்ணெய்க் கப்பல். 2023-ல நியூஸ்ல ரெண்டு நாள் ஓடுச்சு, அப்புறம் எல்லாரும் மறந்துட்டாங்க. கெட்டது நடக்காம போனா அது நியூஸே இல்லையே.

நான் கொஞ்ச வருஷம் டேங்கர்ல இன்ஜின் ரூம்ல குப்பை கொட்டினவன், அதனால இந்த விஷயத்தை ரொம்ப நாளா விடாம படிச்சிட்டு இருந்தேன். வீட்ல கூட கிண்டல் பண்ணுவாங்க, யாரோ ஏமன்காரன் கப்பலுக்கு இவருக்கு ஏன் தூக்கம் போகுதுன்னு.

கப்பலைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். 1976-ல ஜப்பான்ல கட்டுனது, அப்ப பேரு எஸ்ஸோ ஜப்பான். நீளம் 360 மீட்டருக்கு மேல, 4 லட்சம் டன் சுமக்கும். 80-கள்ல ஏமன்ல மாரிப்ங்கற ஊர்ப் பக்கம் எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சப்ப அங்கிருந்து மலை தாண்டி 430 கிலோமீட்டர் பைப் போட்டு கடலுக்குக் கொண்டு வந்தாங்க, கொண்டு வந்த எண்ணெயைத் தேக்கி வைக்க கரையில டேங்க் கட்டாம இந்தக் கப்பலை வாங்கி சேமிப்புக் கப்பலா மாத்தி ராஸ் இஸாங்கற இடத்துல, கரையில இருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி 1988 வாக்குல நிரந்தரமா கட்டிப் போட்டாங்க. பைப் வழியா எண்ணெய் இதுக்குள்ள வரும், வெளிநாட்டு டேங்கர்கள் பக்கத்துல வந்து உறிஞ்சிட்டுப் போகும். கரையில டேங்க் கட்டறதுக்கு ஒரு திட்டம் அப்புறமா வந்துச்சு, சண்டை வந்து பாதியில நின்னு போச்சு.

ஹூதிகள்ங்கற ஏமன் கிளர்ச்சிப் படை 2014 செப்டம்பர்ல தலைநகர் சனாவைப் பிடிச்சாங்க, 2015-ல சவூதி தலைமையில விமானத் தாக்குதல் ஆரம்பிச்சுது, ராஸ் இஸா இருக்கற கரையோரம் ஹூதிகள் கைக்குப் போச்சு. கப்பலோட சொந்தக்காரன் அரசாங்க எண்ணெய்க் கம்பெனி, ஆனா எந்த அரசாங்கம்? கப்பல் இருக்கற கடல் ஒருத்தன் கையில, உலகம் ஒத்துக்கிட்ட அரசாங்கம் இன்னொரு பக்கம். பராமரிப்பு அப்படியே நின்னுடுச்சு. உள்ள 11.4 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய். 1989-ல அலாஸ்காவுல எக்ஸான் வால்டீஸ் கப்பல் கொட்டுனதை விட நாலு மடங்கு. கடலுக்கும் எண்ணெய்க்கும் நடுவுல ஒரே ஒரு தகடு, ஏன்னா இது அந்தக் காலத்து சிங்கிள் ஹல் கப்பல்.

இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லியே ஆகணும். டேங்கர்ல பயப்பட வேண்டியது எண்ணெய்க்கு இல்ல, எண்ணெய்க்கு மேல இருக்கற காலி இடத்துக்கு. கச்சா எண்ணெயில இருந்து ஆவி வந்துக்கிட்டே இருக்கும், அந்த ஆவி காத்தோட சரியான அளவுல கலந்துடுச்சுன்னா ஒரு சின்ன பொறி போதும். அதனால பாய்லர்ல எரிஞ்ச புகையைக் கழுவிக் குளிர வச்சு டேங்குக்குள்ள அடைச்சு வைப்போம், ஆக்சிஜன் 8 சதவீதத்துக்குக் கீழதான் இருக்கணும், இதுக்குப் பேரு இனர்ட் கேஸ், நாங்க ஐஜின்னு சொல்லுவோம். டியூட்டியில இருக்கறவன் மணிக்கு மணி அந்த மீட்டரைப் பார்த்து லாக் புக்ல எழுதணும், எழுத மறந்தா சீஃப் இன்ஜினியர் வாயில விழுந்து எந்திரிக்கணும். சாஃபர்ல 2017-ல பாய்லருக்கு எரிபொருள் இல்லாம போச்சு. பாய்லர் நின்னா ஐஜி நின்னுச்சு, ஐஜி நின்னா காத்து உள்ள போகும். அதோட நீராவியும் போச்சு, பம்ப்பும் போச்சு, கரண்ட்டுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர். முன்னாடி ஐம்பது பேருக்கு மேல வேலை பார்த்த கப்பல்ல விரல் விட்டு எண்ணக்கூடிய ஆளுங்கதான் மிச்சம். அந்த ஆளுங்களை நினைச்சுப் பாருங்க, செங்கடல் வெயில்ல, ஏசி கிடையாது, காலுக்குக் கீழ 11 லட்சம் பீப்பாய், அடுத்த டேங்க்ல என்ன இருக்குன்னு அளக்க மீட்டர் கூட கிடையாது, சிகரெட் பத்த வைக்கறவனைப் பார்த்தாலே வயித்தைக் கலக்கும்.

2020 மே கடைசியில இன்ஜின் ரூம்ல ஒரு கடல்தண்ணி பைப் அரிச்சுப் போய் உடைஞ்சுது. தண்ணி உள்ள வர ஆரம்பிச்சுடுச்சு. நான் வேலை பார்த்த கப்பல்ல இப்படி நடந்தா ரெண்டு வால்வை மூடிட்டு ஸ்டாண்ட்பை பம்ப்பைப் போட்டு வேலையைப் பார்ப்போம், அங்க எந்த பம்ப்பும் ஓடல. டைவருங்களை வரவழைச்சு வெளியில இருந்து கடல்தண்ணி உள்ள வர்ற வாயை அடைச்சு அஞ்சு நாள் போராடி நிறுத்துனாங்க. அந்த அஞ்சு நாள் இன்ஜின் ரூம் முழுசா முங்கியிருந்தா கப்பல் கொஞ்சம் கொஞ்சமா பின்பக்கமா சாஞ்சு உடைஞ்சிருக்கும். அந்தப் பேர் தெரியாத ஆளுங்களுக்குத்தான் மொத மாலை போடணும்னு எனக்குத் தோணும்.

கொட்டியிருந்தா என்ன ஆகும்னு ஐநா கணக்குப் போட்டு வச்சிருந்துச்சு. சுத்தம் பண்ண மட்டும் 2,000 கோடி டாலர். ஹொடைடா துறைமுகம் மூடிடும், அந்தத் துறைமுகம் வழியாத்தான் பாதி பஞ்சத்துல இருக்கற ஒரு நாட்டுக்கு சோறு வருது. கடல்தண்ணியைக் குடிதண்ணியாக்கற பிளான்ட் எல்லாம் நிக்கும். மீனவங்களுக்கு வருஷக்கணக்குல தொழில் இருக்காது. இது ஏமனோட நிக்காது, எரித்ரியா, ஜிபூட்டி, சவூதி, எல்லார் கரையிலயும் ஒதுங்கும், செங்கடலோட தெற்கு வாசலான பாப் எல் மந்தப் வழியா போற கப்பல் எல்லாம் மாட்டும். 2021-ல எவர் கிவன் சூயஸ்ல ஆறு நாள் குறுக்க நின்னதுக்கே உலகம் என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு பார்த்தோம்ல.

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் யாரும் ஒண்ணும் பண்ணல? இங்கதான் விஷயமே. அண்ணன் தம்பி சொத்துத் தகராறுல கோர்ட்டுல கிடக்கற வீட்டைப் பார்த்திருப்பீங்க, ஓடு உடைஞ்சு மழைத்தண்ணி ஒழுகும், ஆனா எவனும் ஓடு மாத்த மாட்டான், மாத்துனா செலவு என்னுது வீடு அவனுதுன்னு ஆயிடும், இல்ல மாத்துனவன்தான் வீட்டுக்கு உரிமை கொண்டாடறான்னு அடுத்த கேஸ் போடுவாங்க. சாஃபர்ல நடந்தது அதுதான். உள்ள இருக்கற எண்ணெய் வித்தா அப்ப பல கோடி டாலர் தேறும், அந்தக் காசு எங்களுக்குன்னு ரெண்டு தரப்பும். ஹூதிகளுக்கு அந்தக் கப்பல் இன்னொரு வகையிலயும் பிரயோஜனம், அது அங்க நிக்கிற வரைக்கும் உலகம் அவங்ககிட்ட வந்து பேசித்தான் ஆகணும், எதிரி கடல் வழியா வந்து அந்தப் பக்கம் தாக்கறதுக்கும் யோசிப்பான். 2019 ஆகஸ்ட்ல ஐநா ஆய்வுக்குழு ஜிபூட்டி வரைக்கும் வந்து காத்திருந்துச்சு, கடைசி நேரத்துல அனுமதி இல்லைன்னுட்டாங்க. 2020 ஜூலை 15-ல பாதுகாப்பு கவுன்சில் இந்த ஒரு கப்பலுக்காகவே தனியா கூடிப் பேசுச்சு. நவம்பர்ல அனுமதி வந்துச்சு, அப்புறம் நிபந்தனை மேல நிபந்தனை, 2021 ஜூன்ல மறுபடி முட்டுச்சந்து. ஆய்வு மட்டும் பண்ண விடமாட்டோம், ரிப்பேரும் பண்ணித் தரணும்னு ஹூதிகள், ஆய்வு பண்ணாம எப்படி ரிப்பேர்னு ஐநா.

அதே 2021-ல நம்ம பக்கத்துலயே இன்னொரு கப்பல் கதை நடந்துச்சு. எக்ஸ்பிரஸ் பேர்ல். ஒரு கன்டெய்னர்ல நைட்ரிக் ஆசிட் ஒழுகுதுன்னு தெரிஞ்சு கத்தார்ல ஹமாத் துறைமுகத்துல கேட்டாங்க, குஜராத்ல ஹசீரால கேட்டாங்க, ரெண்டு இடத்துலயும் இறக்க வசதி இல்லைன்னு கைவிரிச்சாங்க, அப்படியே ஒழுகிக்கிட்டே கொழும்பு வரைக்கும் வந்து மே 20-ம் தேதி தீப்பிடிச்சு ஜூன்ல முங்கிப் போச்சு. நீர்கொழும்பு பக்கம் கரை முழுக்க பிளாஸ்டிக் குருணை, மீனவங்களுக்கு மாசக்கணக்குல கடலுக்குப் போகத் தடை. ஒரே ஒரு கன்டெய்னர், இறக்கி வச்சிருந்தா முடிஞ்சிருக்கும். என் துறைமுகம் இல்லைன்னு ரெண்டு பேர் சொன்னா மூணாவது ஆளு தலையில விழும். சண்டை இல்லாத நாடுகளுக்கே இதுதான் லட்சணம்னா ஏமன்ல என்ன எதிர்பார்க்க முடியும்னு அப்ப நான் நினைச்சேன்.

ஆனா 2021 செப்டம்பர்ல டேவிட் கிரெஸ்லின்னு ஏமனுக்கான ஐநா ஒருங்கிணைப்பாளர்கிட்ட இந்த வேலையைக் குடுத்தாங்க. கேள்வியையே மாத்துனாங்க. அதுவரைக்கும் பேச்சு எல்லாம் கப்பலை எப்படிச் சரி பண்றது, எண்ணெயை யார் விக்கறதுங்கறதுல இருந்துச்சு. இவங்க வந்து, கப்பல் தேறாது, அதை விட்டுடுவோம், வேற ஒரு கப்பலைக் கொண்டு வந்து பக்கத்துல நிறுத்தி எண்ணெயை இதுல இருந்து அதுக்கு மாத்திடுவோம், எண்ணெய் யாருதுங்கறதை இப்ப பேச வேண்டாம், அது அங்கேயே, அதே இடத்துல, வேற பாத்திரத்துல இருக்கட்டும்னு ஒரு பிளான் போட்டாங்க. ஹூதிகளுக்குப் பிடிச்சுப் போச்சு, ஏன்னா கையை விட்டு எதுவும் போகல, பழைய கப்பலுக்குப் பதில் நல்ல கப்பல் வருது. ஏடன் பக்கம் இருந்த, உலகம் ஒத்துக்கிட்ட அரசாங்கத்துக்கும் சரி, ஏன்னா எதிரி எண்ணெயை வித்துக் காசாக்கல. 2022 மார்ச் 5-ல ஹூதிகளோட ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

இதைப் படிச்சப்ப இது என்ன கோழைத்தனமான ஏற்பாடு, முக்கியமான கேள்வியை அப்படியே பாய்க்கு அடியில தள்ளிட்டாங்களேன்னு நிறைய பேர் எழுதுனாங்க. எனக்கு அப்படித் தோணல. சில நேரம் பெரிய சண்டையைத் தீர்க்கறேன்னு உக்காந்தா சின்ன வேலையும் நடக்காது.

அடுத்தது காசு. எனக்கு இன்னும் ஆத்தாமையா இருக்கற பகுதி இது. 2022 மே 11-ல நெதர்லாந்தும் ஐநாவும் சேர்ந்து ஹேக்ல நிதி திரட்டற கூட்டம் போட்டாங்க, அவசர வேலைக்கு வேண்டியது 8 கோடி டாலர், கூட்டத்துல தேறுனது சுமார் 3.3 கோடி. கொட்டுனா 2,000 கோடி செலவுன்னு தெரிஞ்ச நாடுகள், தினம் தினம் அந்தக் கடல் வழியா கப்பல் விடற நாடுகள், எட்டு கோடிக்கு இழுத்தடிக்குது. கடைசியில ஐநா பொதுமக்கள்கிட்ட ஆன்லைன்ல உண்டியல் குலுக்குச்சு. அமெரிக்காவுல மேரிலாண்ட்ல ஒரு ஆரம்பப் பள்ளிப் பசங்க 200 டாலர் சேர்த்து அனுப்பினாங்க. ஏமன்லயே பெரிய வியாபாரக் குடும்பமான ஹாயில் சயீத் அனம் குழுமம் 12 லட்சம் டாலர் தர்றேன்னுச்சு. அந்த வருஷம் லாபம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுன பெரிய எண்ணெய்க் கம்பெனிகள் சேர்ந்து அவங்க சங்கம் மூலமா ஏதோ குடுத்தாங்க, அதுவும் 2023-ல, ரொம்ப தாமதமா. பள்ளிக்கூடப் பசங்க அவங்களை முந்திட்டாங்க.

காசு ஓரளவு சேர்ந்த நேரத்துல கப்பல் விலை ஏறிடுச்சு. உக்ரைன் சண்டையால ரஷ்ய எண்ணெய் சுத்திச் சுத்திப் போக ஆரம்பிச்சுது, பழைய டேங்கருக்கெல்லாம் கிராக்கி. வாடகைக்குத் தர எவனும் தயாரா இல்ல, சண்டை நடக்கற கடல்ல எப்ப திரும்பி வரும்னு தெரியாத கப்பலை எவன் வாடகைக்கு விடுவான். வேற வழியில்லாம ஐநா வளர்ச்சித் திட்டம், அதாவது பள்ளிக்கூடம் கட்டறது, தேர்தலுக்கு உதவறதுன்னு இருக்கற ஒரு அமைப்பு, 2023 மார்ச்ல பெல்ஜியத்து யூரோநாவ் கம்பெனிகிட்ட இருந்து நாட்டிகான்னு ஒரு பெரிய டேங்கரை 5.5 கோடி டாலருக்குச் சொந்தமாவே வாங்கிடுச்சு. ஐநாக்காரங்க எண்ணெய்க் கப்பல் முதலாளி ஆனது எனக்கு இன்னும் சிரிப்புதான்.

இன்சூரன்ஸ் தனிக் கதை. கப்பல் தொழில்ல இன்சூரன்ஸ் பேப்பர் இல்லாம கயிறு கூட அவுக்க மாட்டாங்க. எப்ப வெடிக்கும்னு தெரியாத கப்பல், பக்கத்துல கடல் கண்ணிவெடி பயம், சண்டைப் பிரதேசம், இதுக்கு யார் பாலிசி குடுப்பா? லண்டன்ல ஹௌடன்னு ஒரு புரோக்கர் கம்பெனி பல அண்டர்ரைட்டர்களை, அதாவது இன்சூரன்ஸ் பொறுப்பை ஏத்துக்கறவங்களை, ஒண்ணா உக்கார வச்சு ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு எடுக்க வச்சுது. மேடையில போட்டோ எடுத்துக்கிட்ட அமைச்சர்களை விட இந்தப் பேப்பர் வேலை பண்ணவங்க பங்கு பெருசுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ஆபத்துல மாட்டுன கப்பலை மீட்கற டச்சு சால்வேஜ் கம்பெனி ஸ்மிட்டோட எண்டெவர் கப்பல் 2023 மே 30-ல சாஃபர்கிட்ட வந்துச்சு. மொத வேலை என்னன்னா அதே ஐஜிதான். கூடவே கொண்டு வந்த மெஷின்ல இனர்ட் கேஸ் தயாரிச்சு ஒவ்வொரு டேங்கா அடைச்சு, ஆக்சிஜன் அளவு இறங்கற வரைக்கும் காத்திருந்து, தகடு எவ்ளோ பலமா இருக்குன்னு அளந்து, கட்டற கயிறு தாங்குமான்னு பார்த்து, இப்படியே ஏழெட்டு வாரம் போச்சு. ஜூலையில நாட்டிகா வந்து பக்கத்துல நின்னுச்சு, பேரை ஏமன்னு மாத்துனாங்க. சாஃபரோட சொந்த பம்ப் எதுவும் ஓடாதுங்கறதால ஹைட்ராலிக் பம்ப்பை மேல இருந்து டேங்குக்குள்ள இறக்கி ஹோஸ் வழியா தள்ளுனாங்க. ஜூலை 25-ல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 11-ல முடிஞ்சுது. 18 நாள். எட்டு வருஷம் இழுத்த விஷயம், 18 நாள்ல. பம்ப் ஓடறது என்னைக்குமே கஷ்டம் இல்ல, பம்ப் வர்றதுக்கு யார் கையெழுத்துப் போடணுங்கறதுதான் கஷ்டம். அடியில வண்டலோட ஒட்டிக்கிட்டு ரெண்டு சதவீதத்துக்கும் கம்மியா மிச்சம் இருந்துச்சு.

கணக்கு போட்டுப் பார்த்தா இதுல கலந்துக்கிட்ட எவனுக்கும் எவனையும் பிடிக்காது. காசு குடுத்த லிஸ்ட்ல அமெரிக்கா இருக்கு, சவூதி இருக்கு, ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது அவங்க குண்டு போட்ட ஹூதிகள். சவூதிக்கு அவங்க குடிதண்ணி பிளான்ட் கவலை, ஐரோப்பாவுக்கு சூயஸ் கவலை, ஹூதிக்கு ஹொடைடா துறைமுகம் மூடிட்டா அவங்க ஆளுங்களுக்கே அரிசி வராதுங்கற கவலை. அவங்கவங்க சுயநலம் ஒரே திசையில திரும்புன ஒரு சின்ன இடைவெளி, அதுவும் 2022 ஏப்ரல்ல வந்த சண்டை நிறுத்தத்தால கிடைச்ச இடைவெளி, அதைப் பார்த்து உள்ள நுழைஞ்சாங்க, அவ்ளோதான். சர்வதேச ஒத்துழைப்புன்னா பெரிய பெரிய ஆளுங்க கை குலுக்கறதுன்னு நினைக்கறோம், இங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்காமலே வேலை முடிஞ்சுது.

அந்த இடைவெளி எவ்ளோ சின்னதுன்னு அடுத்த மூணு மாசத்துல தெரிஞ்சுது. அக்டோபர்ல காஸா சண்டை, நவம்பர் 19-ல ஹூதிகள் கேலக்ஸி லீடர் கப்பலைக் கடத்துனாங்க, அப்புறம் செங்கடல்ல போற வர்ற கப்பல் மேல எல்லாம் ஏவுகணை. 2024 மார்ச்ல ரூபிமார்னு ஒரு கப்பல் 21,000 டன் உரத்தோட முங்குச்சு. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் பண்றவங்களைக் கேட்டுப் பாருங்க, கப்பல் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுத்திப் போக ஆரம்பிச்சு ஐரோப்பாவுக்கு சரக்கு போய்ச் சேர ரெண்டு வாரம் கூட ஆச்சு, கன்டெய்னர் வாடகை எங்கயோ போச்சு. சாஃபர் வேலை நாலு மாசம் தள்ளிப் போயிருந்தா நடந்திருக்கவே நடந்திருக்காது.

2024 ஆகஸ்ட் 21-ல கிரேக்கக் கப்பல் சூனியனை ஹூதிகள் அடிச்சாங்க. உள்ள சுமார் 10 லட்சம் பீப்பாய் கச்சா எண்ணெய், கிட்டத்தட்ட சாஃபர் அளவு. கப்பல்ல இருந்தவங்க எல்லாரையும் பிரெஞ்சுப் போர்க்கப்பல் காப்பாத்துச்சு, அப்புறம் ஹூதிகளே டெக்ல ஏறி வெடி வச்சு, அதை வீடியோ எடுத்துப் போட்டாங்க. 2022-ல எண்ணெய் கொட்டக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்ட அதே ஆளுங்க! ஒரு வாரம் கழிச்சு இழுத்துட்டுப் போக சம்மதம்னும் சொன்னாங்க. செப்டம்பர்ல ஐரோப்பிய யூனியன் போர்க்கப்பல்கள் பாதுகாப்புக்கு நிக்க, எரிஞ்சுக்கிட்டே இருந்த கப்பலை இழுவைக் கப்பல் வச்சு வடக்க இழுத்துட்டுப் போய் தீயை அணைச்சு, 2025 ஜனவரி வரைக்கும் அந்த வேலை ஓடுச்சு, எண்ணெய் பெருசா கொட்டல. அங்கயும் அதே கதைதான், யார் பண்ணது தப்புங்கறதைத் தள்ளி வச்சுட்டு மொதல்ல கப்பலை நகர்த்து.

தள்ளி வச்ச கேள்விக்கும் ஒரு பில் வரத்தான் செய்யுது. சாஃபரை சுத்தம் பண்ணி உடைக்கற யார்டுக்கு இழுத்துட்டுப் போறது, புதுக் கப்பலை நிரந்தரமா கட்டி வைக்க மிதவை போடறது, இந்த ரெண்டாவது கட்ட வேலை செங்கடல் சண்டையில நின்னு போச்சு. ஏமன்னு பேர் மாத்துன நாட்டிகாவுல எண்ணெய் அப்படியே இருந்துச்சு, அதை ஓட்ட ஆளுங்க வேணும், ஐஜி ஓடணும், டீசல் வேணும், அதுக்கு மாசம் 4.5 லட்சம் டாலர்னு 2024-ல ராய்ட்டர்ஸ் எழுதுச்சு. 2025 மார்ச்ல அமெரிக்கா ஹூதிகளை மறுபடி பயங்கரவாத அமைப்பு பட்டியல்ல சேர்த்துடுச்சு, அவங்க கையில இருக்கற கடல்ல நிக்கற கப்பலுக்கு சாமான் அனுப்பறவனுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் பயம். ஏப்ரல் 17-ல ராஸ் இஸா எரிபொருள் துறைமுகத்து மேலயே அமெரிக்கா குண்டு போட்டுச்சு, 70 பேருக்கு மேல செத்தாங்க. எண்ணெய் மாத்துன கப்பல் நின்ன இடத்துல இருந்து ரொம்ப தூரம் இல்ல.

நாட்டிகா ஒண்ணும் புதுக் கப்பல் இல்ல, 2008-ல கட்டுனது. டபுள் ஹல், நல்ல கப்பல்தான், பராமரிச்சா இன்னும் சில வருஷம் தாங்கும். பராமரிச்சா.